ஊர் டிவியில் எங்கள் கல்லி

கால் சுளுக்கிய மறுநாள் காலை ஊரிலிருந்து போன் வந்தது. சுளுக்கிய சேதியை நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. பேசியது என் ஓரகத்தி, அதாவது காலமான என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. திருநெல்வேலிக்குத் தெற்கே எங்கள் பூர்வீக வீட்டில் இருக்கிறாள். எடுத்த எடுப்பில், "யக்கா, காலுக்கு என்ன செஞ்சுது? நொண்டி நொண்டி நடக்கிய?" என்றாள்.

நானோ தாராவியில், என் கோலிக்குள், அதாவது ஒற்றை அறை வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். "ஒனக்கு ஆருடி சொன்னா?" என்றேன்.

"ஆரு சொல்லணும்? நான்தான் பாத்தேன்லா! எங்க டிவில ஒங்க கல்லி தெரியுதுலா. நேத்து மழைல வந்தியளே. கூட ஒருத்தரு ஒங்க பையத் தூக்கிட்டு, கொட பிடிச்சிட்டு வந்தாரே, ஆருக்கா அது? கொட நல்ல கொட."

கல்லி என்றால் சந்து. பம்பாயில் பிறந்த எங்களுக்குச் சந்து என்று வாயில் வராது. எங்கள் கல்லிக்குள் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் திரும்பி நின்று வழிவிட வேண்டும். அப்படிப்பட்ட கல்லி எப்படி ஊர் டிவியில் ஓட ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பாகவும் இருக்கும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும்.

போன வருஷம் கல்லியில் தண்ணீர் மோட்டார்கள் திருட்டுப் போயின. காலையில் குழாயில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம். மோட்டார் இல்லாத வீட்டில் அன்றைக்குச் சோறு பொங்குவதுகூடக் கஷ்டம். கமிட்டி கூடி, கேமரா வைப்பதென்று முடிவு செய்தது. நானும் கை தூக்கினேன், இப்போதும் தூக்குவேன், திருடனைப் பிடிக்க வேண்டாமா? அப்படி வைத்ததில் ஒரு கேமரா என் வாசலுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது. கண்ணில் பட்டது. நாளாக ஆகக் கண்ணில் படாமலும் போயிற்று.

பிறகு பொங்கல் வந்தது. எங்கள் கல்லியில் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்து, ஒரே நேரத்தில் பானை பொங்க வைப்போம். நாலு தலைமுறையாகத் தாராவியில் இருந்தாலும், ஊர் பார்த்தால்தான் எங்களுக்குப் பொங்கல் பொங்கியதாகக் கணக்கு. கமிட்டித் தலைவர் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை தோன்றியது. தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், யோசனைதான் சமயத்தில் இப்படி வரும். கேமராவின் பாஸ்வேர்டைக் கல்லி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "சொந்தபந்தங்கள் அனைவருக்கும் அனுப்பவும், அவர்களும் கண்டு களிக்கட்டும்" என்று எழுதினார். எல்லோரும் அனுப்பினார்கள். அன்றைக்கு ஊரில் எத்தனை வீட்டில் எங்கள் பானைகளைப் பார்த்தார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். பொங்கல் முடிந்தது, கோலம் அழிந்தது, பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊரிலோ அதை டிவியில் போடும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். மத்தியானம் சீரியல், சீரியல் முடிந்தால் நாங்கள்.

"சாயங்காலம் நீங்க ஆபீஸ் விட்டு வாரதப் பாத்துட்டுதான் நான் ஒல வைப்பேன்" என்று ஓரகத்தி பாசமாகச் சொன்னாள். அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

பையைத் தூக்கி வந்தவர் யார் என்று உங்களுக்குச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர். செம்பூரில் பிறந்து வளர்ந்தவர், பாலக்காட்டுத் தமிழ் பேசும் குடும்பம், மனைவியை இழந்தவர். மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீசுக்குத் தன் ஹவுசிங் சொசைட்டியின் கணக்கைத் தணிக்கைக்குக் கொண்டு வருவார். வருஷா வருஷம் ஒரே ரசீதைத் தொலைத்துவிட்டு வருவார். நான் திட்டுவேன். அப்படித் திட்டித் திட்டித்தான் பழக்கம். அன்று ஸ்டேஷன் பாலத்துப் படியில் மழைத் தண்ணீரில் நான் வழுக்கி விழுந்தபோது உடன் இருந்தார். டாக்டரிடம் காட்டி, டாக்சி வைத்துக் கூட்டி வந்தார். டாக்சி கல்லிக்குள் நுழையாது. பையையும் குடையையும் அவர் பிடித்துக்கொள்ள, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் ஊர் டிவியில் ஓடிய படம்.

முடிவான இந்தக் கல்யாணச் சேதியை நான் சொல்ல வேண்டிய ஆள் உலகத்தில் ஒரே ஒருத்திதான். என் மகள். புனேயில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அப்பா போனபோது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு வீட்டில் நானும் அவளும்தான். வேறு எவர் என்ன சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவள் வேண்டாம் என்றால் வலிக்கும், அதையும் தாங்குவேன். ஆனால் அவள் அதை என் வாயால் கேட்க வேண்டும். எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சொல்ல வேண்டும். பரீட்சை முடிந்து சனிக்கிழமை வருகிறாள், அன்றைக்குச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

அன்று மத்தியானமே கொழுந்தன் கூப்பிட்டார். குசலம்கூட விசாரிக்கவில்லை.

"மதினி, ஆரு அவன்?"

"ஒங்க அண்ணன் போன பொறவு, நல்லாருக்கியளான்னு கேக்க ஒரு நாள் நீங்க போன் போட்டதில்ல. இன்னைக்கு என்ன அக்கற?"

"பேச்ச மாத்தாதிய. டிவில ஓடுனத அப்படியே போன்ல பிடிச்சி வச்சிருக்கேன். பிள்ளைக்குத் தெரியுமா இது? நான் அனுப்புதேன், அவளே பாக்கட்டும்."

"எம் பிள்ளைகிட்ட எஞ்சேதிய நான் சொல்லிக்கிடுவேன். நீங்க நடுவுல வராதிய" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பயமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தால் அழுகை வரும் எனக்கு, அழுதேன். உடனே மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று போனை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். பரீட்சைக்கு நடுவில், ஹாஸ்டல் கட்டிலில் தனியாக உட்கார்ந்து கேட்கிற சேதியா இது? வேண்டாம் என்று விட்டேன். சாயங்காலம் வழக்கம்போலப் பேசினேன், கால் சுளுக்கை மட்டும் சொன்னேன். "பர்ஃப் வை மா, நடக்காத" என்றாள், ஐஸ்கட்டியைச் சொல்கிறாள். குரலில் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலித்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரிடம் கொழுந்தன் பேசியதைச் சொன்னேன். "நான் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வராம இருக்கட்டுமா? சொல்லுங்கோ" என்றார்.

"நீங்க எதுக்கு ஒளியணும்? ஒளியவேண்டியது அந்தக் கேமரா" என்றேன்.

என்னைப் பற்றி என்னதான் தெரிந்திருக்கிறது என்று பார்க்க, நானே அந்த ஆப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு என்னிடமும் இருந்ததே. பின்னால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். என்னைக் கண்டேன். ஈரச் சேலையோடு நொண்டுகிறேன், ஒரு பெண்பிள்ளை ஆம்பிளை கையைப் பிடித்திருக்கிறாள், சத்தமில்லை, அவ்வளவுதான். நான் விழுந்தது அதில் இல்லை. டாக்டர் இல்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கியது என்னவோ தெரிந்தது, ஆனால் அதை நானாக இருந்தால்தான் தயக்கம் என்று புரிந்துகொள்ள முடியும்.

அத்தோடு மூடியிருக்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு வேலை ஏது? தள்ளிக்கொண்டே போனேன். பார்க்கப் பார்க்க நிறுத்த முடியவில்லை. இன்னார் வீட்டுக்கு இன்னார் வந்தார், இன்னார் எதையோ மறைத்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு மதினி, வாய் ஓயாமல் சிரிக்கிறவள், விடிகிற நேரத்தில் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். எனக்குச் சீ என்றாகிவிட்டது. அவள் அழுகையைப் பார்க்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஆப்பை மூடிவிட்டுக் கமிட்டி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் போடச் சொன்னேன்.

அம்மன் கோயில் முன்னால் கூடினோம். நான் ஒரு ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, மோட்டாரப் பாக்கத்தான கேமரா வச்சோம்? இப்பம் ஊரே நம்ம வாசலப் பாக்குது. பாஸ்வேர்ட மாத்துங்க. வாசலப் பாக்குத கேமராவ வேற பக்கம் திருப்புங்க."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "தங்கச்சி, தாராவில என்னம்மா பிரைவேட்டு? இங்கன தும்முனா அங்கன நூறுங்கான். ஒன் வீட்ல என்ன கொழம்புன்னு எனக்குத் தெரியும், என் வீட்டுச் சண்ட ஒனக்குத் தெரியும். ஊர்க்காரன் பாத்தா என்ன, நம்ம சனந்தான?"

பின்னாலிருந்து ஒருவர், "தப்புப் பண்ணாதவுகளுக்கு என்ன பயம்?" என்றார்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். "ஏண்ணே, நீங்க குளிக்கும்போது கதவச் சாத்திக்கிடுதியளே, உள்ள என்ன கள்ளநோட்டா அடிக்கிய?" என்று கேட்டேன். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அவர் சம்சாரம்தான் முதலில் சிரித்தாள்.

"அண்ணாச்சி சொன்னது சரிதான்" என்றேன். "இங்க மறைக்க முடியாது. ஆனா இங்க என்னப் பாக்கவங்கள நானும் பாக்கேன்லா? பக்கத்து வீட்டு மதினி கூட வந்தது ஆருன்னு மூஞ்சிக்கு நேரா கேப்பா. நான் சொல்லுவேன், இல்லன்னா ஒஞ்சோலியப் பாருன்னுவேன். அடுத்த நாள் மறந்துட்டு அவளே தோசமாவு கொண்டாருவா. டிவில பாக்கவன நான் எங்க போயி கேக்க? அவன் ஒண்ணும் கேக்கவும் மாட்டான், மறக்கவும் மாட்டான். பிடிச்சி வச்சிக்கிட்டு அனுப்புவான்."

சிலர் தலையாட்டினார்கள். அண்ணாச்சி இன்னும் மசியவில்லை. "நம்ம எல்லாருமாச் சேந்து வச்சது. ஒருத்திக்காகத் திருப்புனா நாளைக்கு ஆளுக்கொண்ணு சொல்லுவான்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இனிமேல் மரியாதையாகப் பேசி ஆகாது என்று தோன்றியது.

"சரி அண்ணாச்சி. கால் சுளுக்குல சும்மா உக்காந்திருந்தேன்லா, பழைய படத்தையெல்லாம் நானும் போட்டுப் பாத்துட்டேன். எல்லா வாசலும்."

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், அது அவர்களுக்குத் தெரியாது. கள்ளநோட்டு அண்ணன் தரையைப் பார்த்தார். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவரவருக்கு அவரவர் வாசல் ஞாபகம் வந்துவிட்டது. இத்தனைக்கும் யாரும் கொலை பண்ணவில்லை, கொள்ளையடிக்கவில்லை. வீட்டுக்கு வீடு இருக்கிற சங்கதிதான்.

அப்போது பக்கத்து வீட்டு மதினி எழுந்தாள். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவள். என் முகத்தைப் பார்த்தாள், நான் குனிந்துகொண்டேன். "திருப்புங்க அண்ணாச்சி. இப்பமே திருப்புங்க. காலைல ஒரு மனுசி தன் வாசல்ல உக்கார முடியாதா?" என்றாள். அவளுக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஏணி கொண்டுவரப் போய்விட்டாள்.

அண்ணாச்சியே ஏறித் திருப்பினார். அதைச் சொல்லத்தான் வேண்டும், மனுஷர் வீம்பு பிடிக்கவில்லை. ஒவ்வொரு கேமராவையும் திருப்பிவிட்டுப் போனில் எங்களிடம் காட்டினார். மோட்டார்கள் தெரிந்தன, கல்லி முனை தெரிந்தது, ஒரு வாசலும் தெரியவில்லை. புது பாஸ்வேர்டு அவரிடமும் பக்கத்து வீட்டு மதினியிடமும் மட்டும். திருட்டுப் போனால் இருவரும் சேர்ந்துதான் பழைய படத்தைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடக்கூடாது. அதுவரை பதிவானதை எல்லோர் முன்னாலும் அழித்தார்கள். எனக்குக் கால்வலி போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து முட்டைத் தோசை வார்த்துச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஓரகத்தி கூப்பிட்டாள்.

"யக்கா, ஒங்க கல்லி வரலியே! அங்க கரண்டு இல்லியா?"

"கரண்டெல்லாம் இருக்கு. இனி நீ கடியாரத்தப் பாத்து ஒல வையி."

அவள் குரலைத் தாழ்த்தி, "யக்கா, அவுக அந்த வீடியோவ ஒங்க பிள்ளைக்கு அனுப்பிட்டாவ. திங்கக்கெழமயே அனுப்பிட்டாவ. நான் சொன்னேன்னு சொல்லிராதிய" என்றாள்.

திங்கட்கிழமை, அதாவது கொழுந்தன் என்னிடம் பேசிய அன்றே. அன்றிலிருந்து தினமும் மகள் என்னிடம் பேசியிருக்கிறாள். சாப்பிட்டேன் மா, படிச்சேன் மா, தூங்கப்போறேன் மா. பார்த்துவிட்டு மறைக்கிறாளா? பார்த்துவிட்டு, பரீட்சை முடியட்டும், நேரில் வந்து கேட்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாளா? கல்லி முழுக்க ஜெயித்தவள் நான், என் வீட்டில் தோற்றுவிட்டேனோ? கேமராவைத் திருப்பலாம், போன சேதியை எப்படித் திருப்புவது?

சனிக்கிழமை தாதர் ஸ்டேஷனில் அவளை எதிர்கொண்டேன். "அரே மா, நொண்டிக்கிட்டு எதுக்கு வந்தே?" என்று கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிக்கொள்வதில் ஏதாவது குறைகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கும் வீட்டில் சொல்ல மனமில்லை. மாட்டுங்காவில் இறங்கி, நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். கூட்டம். ஏற்கெனவே ஒருவர் ரசவடை சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில்தான் எங்களுக்கும் இடம் கிடைத்தது. அவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த ஊரில் எனக்குப் பிடித்த குணம் இது.

இட்லி வந்தது. நான் தொடவில்லை. "சித்தப்பா ஒனக்கு ஒரு வீடியோ அனுப்பினாரா?" என்று கேட்டேன்.

"ஆமா, அனுப்புனாரு."

"பாத்தியா?"

அவள் போனை எடுத்து என் பக்கம் திருப்பினாள். மங்கலான ஒரு சதுரம். என் சேலையின் பச்சை மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. நடுவில் அம்புக்குறி, இன்னும் யாரும் தொடாத அம்புக்குறி. கீழே கொழுந்தன் தமிழில் என்னவோ நீளமாக எழுதியிருந்தார்.

"தமிழ்ல எழுதிருக்காரா, கஷ்டப்பட்டுப் படிச்சேன். 'உன் அம்மா'ன்னு வந்திச்சா, அங்கயே நிறுத்திட்டேன். வீடியோவையும் டவுன்லோட் பண்ணல. உன்னப் பத்தின விஷயத்த நான் எதுக்கு அவர்கிட்டருந்து தெரிஞ்சுக்கணும்? இருந்தா நீ சொல்லுவேல்ல?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. சாம்பாரில் விழுந்தது. ரசவடைக்காரர் இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"மா, ப்ளீஸ், அழாத. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றேன். "பாத்துட்டுப் போயிருவாவ."

அவள் சிரித்துக்கொண்டே அந்த வீடியோவை என் கண்முன்னால் அழித்தாள். போனைப் பைக்குள் போட்டாள். தட்டை ஒதுக்கிவிட்டு, இரண்டு முழங்கையையும் மேஜைமேல் ஊன்றி, "இப்ப சொல்லு" என்றாள்.

இந்தப் பக்கங்களில் நான் எங்கும் எழுதாத அவர் பெயரைத்தான் முதலில் சொன்னேன்.